நத்தத்தனார் போட்ட ரூட்

இந்தக் கட்டுரையில் 'நான்' வரமாட்டேன். காரணம் இலக்கியம் அல்ல, சர்க்கரை. திண்டிவனத்தில் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், டாக்டர் எழுதிக்கொடுத்த 'கூடாது' பட்டியலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே ஊர் ஊராகப் போய்த் தின்ற கதை இது. 'நான் தின்றேன்' என்று அச்சில் வந்தால் அது வீட்டம்மா கையில் ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடும். ஆகவே 'அவர்' என்றே போகும். அந்த அவரை இதை எழுதுபவருக்குத் தெரியுமா என்றால், தினமும் ஷேவிங் நேரத்தில் பார்ப்பதுண்டு.

வம்பு டொரோண்டோவிலிருந்து வந்தது. அங்கே இருக்கும் அக்கா மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் பேசினான். "மாமா, இங்க பேட்டைக்கு ஒரு நாட்டுச் சாப்பாடு. டான்ஃபோர்த் போனா கிரேக்கம், ஸ்பதைனா போனா சீனா, ஸ்கார்பரோ போனா யாழ்ப்பாணத்துக் கொத்து ரொட்டி. ஒவ்வொரு தெருவா நடத்திக் கூட்டிகினு போய்ச் சாப்பிட வைக்க ஆளுங்க இருக்காங்க, டிக்கெட் போட்டு. உங்க ஊர்ல இன்னா மாமா இருக்கு, டீயும் போண்டாவும்தானே?"

அவருக்குச் சுருக்கென்றது. உடனே பதினொரு நிமிட நீளத்தில் ஒரு குரல் பதிவு அனுப்பினார். டொரோண்டோவிலிருந்து ஒரு கட்டைவிரல் மட்டும் பதிலாக வந்தது. கேட்டானா, கேட்காமலே விரலை நீட்டினானா தெரியவில்லை.

அந்தப் பதினொரு நிமிடத்தின் சாரம் இதுதான். பேட்டை பேட்டையாகப் போய்ச் சாப்பிட வழிகாட்டும் வேலையைத் திண்டிவனம் சங்க காலத்திலேயே முடித்துவிட்டது. வழிகாட்டியின் பெயர் சிறுபாணாற்றுப்படை. பத்துப்பாட்டில் ஒன்று, 269 அடி. எழுதியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். பாட்டுடைத் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். அவனுடைய கிடங்கில்தான் இன்றைக்குத் திண்டிவனத்துக்குள் கிடங்கல் என்ற பெயரில் இருக்கிறது. பரிசு வாங்கித் திரும்பும் பாணன் ஒருவன், பசியோடு எதிரே வரும் இன்னொரு பாணனுக்கு ரூட் சொல்கிறான். எயிற்பட்டினம் போ, பரதவர் வீட்டில் பழந்தேறலும் சுட்ட குழல் மீன் கருவாடும் கிடைக்கும். வேலூர் போ, வேட்டுவக்குடி எயிற்றியர் சமைத்த புளிச்சோறும் ஆமான் என்ற காட்டுப்பசுவின் சூட்டிறைச்சியும் கிடைக்கும். ஆமூர் போ, உழவர் வீட்டில் குத்தரிசிச் சோறும் நண்டும் கிடைக்கும். கடைசியில் அரண்மனை. அங்கே பீமசேனனின் சமையல் நூலிலிருந்து இம்மியும் பிசகாத விருந்து. அதையும் அரசனே பக்கத்தில் நின்று பொற்கலத்தில் பரிமாறுவான்.

கடல், காடு, வயல் என்று நிலத்துக்கு ஒரு மெனு. டிக்கெட் கிடையாது.

பயணத்துக்கு வீட்டில் அனுமதி சுலபமாகக் கிடைத்தது. 'சிறுபாணாற்றுப்படை கள ஆய்வு' என்றுதான் சொல்லியிருந்தார். ஆய்வு என்ற சொல்லை வீட்டம்மா முழுதாக நம்பவில்லை என்பது, துணைக்குத் தம்பியை அனுப்பியதில் தெரிந்தது. தூக்குப்பையில் ஒரு தண்ணீர் பாட்டில், மாத்திரை டப்பா, வாழையிலையில் கட்டிய புளிச்சோறு, கூடவே ஒரு மச்சான்.

"மாமா எதையாவது வாயில வெச்சா எனக்கு போன் பண்ணுடா."

"சரிக்கா" என்றான் மச்சான். பஸ் நிலையம் தாண்டுவதற்குள் அவன் விலை தெரிந்துவிட்டது. இரண்டு மெதுவடை.

திண்டிவனம் என்ற பெயரே புளிப்பானது. திந்திரிணி என்றால் புளி. திந்திரிணிவனம், அதாவது புளியங்காடு, வாயில் தேய்ந்து திண்டிவனம் ஆயிற்று. ஊர்ச் சிவனும் திந்திரிணீஸ்வரர்தான். ஆனால் கிருஷ்ணகிரி சாலை வழியாகச் சனிக்கிழமைதோறும் புதுச்சேரிக்குப் பறக்கும் பெங்களூர்க்காரர்களுக்கு வேறு அர்த்தம் தோன்றினால் குற்றம் சொல்ல முடியாது. கன்னடத்தில் 'திண்டி' என்றால் சிற்றுண்டி. பெயர்ப் பலகையில் டிபன் காடு என்று எழுதியிருக்கும்போது யாருக்குத்தான் பசிக்காது?

இதே ஊரில்தான் அவருடைய எதிர்க்கட்சியும் பிறந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1890களில் இங்கே அமெரிக்க மிஷன் பங்களாவில் தாய் தந்தையரைப் பார்க்க வந்திருந்தார் ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண். ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள், பிரசவ வேதனையில் துடிக்கும் மனைவிக்கு ஆண் டாக்டர் வேண்டாம், நீங்கள் வாருங்கள் என்று அவரிடம் கேட்டுத் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த இரவுதான் அவரை டாக்டர் ஆக்கியது. 1900இல் அவர் தொடங்கிய சிறு மருத்துவமனைதான் வேலூர் சி.எம்.சி.யாக வளர்ந்தது. அந்தப் பெண்மணியை நினைத்தால் அவருக்குக் கை கூப்பத் தோன்றும். அதே பரம்பரையில் யாரோ ஒருவர் எழுதிய 'கூடாது' பட்டியலை நினைத்தால் கூப்பிய கை தானாக இறங்கும்.

மரக்காணம் பஸ்ஸில் உட்கார்ந்ததும் இலையைப் பிரித்தார்கள். திண்டிவனத்துக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் உப்புவேலூரைத்தான் பாட்டில் வரும் வேலூர் என்று கருதுவோர் உண்டு. ஆக, புளிச்சோறு நத்தத்தனார் சொன்ன வட்டாரத்திலேயே, வீட்டம்மா கைப்பக்குவத்தில் உண்ணப்பட்டது. ஆமான் இறைச்சிக்கு 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நின்றது. அந்த இடத்தை மச்சானின் மிச்ச மெதுவடை நிரப்பியது.

எயிற்பட்டினம் என்று அறிஞர்கள் சொல்வது மரக்காணத்தை. ஊரை நெருங்கும்போதே இருபுறமும் உப்பளம் கண்ணைக் கூசவைக்கும். பாத்தி பாத்தியாக வெள்ளை. ரத்த அழுத்தக்காரர் ஒருவரை அந்த வழியாகக் கூட்டிப்போவது, கடன்காரனைப் பாங்கு வாசல் வழியாகக் கூட்டிப்போவது மாதிரி. பாட்டில் உள்ள தேறல் இன்று கிடைக்காது. தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 முதல் தடை. கருவாட்டுக்கு எந்த அரசும் தடை போடவில்லை. சாலையோர ஓலைக்கொட்டகையில் ஓர் ஆயா தணலில் வாட்டிக் கொடுத்ததை, சோற்றோடு, வெங்காயத்தோடு, நத்தத்தனாரோடு சேர்த்து அவர் தின்றார். "இன்னா சாரே, கண்ல தண்ணி வருது, காரமா?" என்று கேட்டாள் ஆயா. காரமில்லை, இலக்கியம் என்று அவர் சொல்லவில்லை. போட்டோ எடுத்து டொரோண்டோவுக்கு அனுப்பினார். கீழே எழுதினார்: 'நெய்தல்.'

அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே இறங்கினால் விழுப்புரம் மாவட்டத்துக்குள்ளேயே வெளிநாடு வந்துவிடும். ஆரோவில் பெரும்பாலும் புதுச்சேரியில் இல்லை, வானூர் வட்டத்தில் இருக்கிறது. புதுச்சேரிக்காரர்கள் இதைக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணைக் கொண்டுவந்து ஒரு தாமரைத் தாழியில் கொட்டித் தொடங்கிய நகரம். 50,000 பேருக்குத் திட்டமிட்டார்கள். இன்றுவரை சில ஆயிரம் பேர்தான் சேர்ந்திருக்கிறார்கள், ஆனால் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாட்டுக்காரர்கள்.

டொரோண்டோவில் பேட்டைக்கு ஒரு நாடு என்றால், இங்கே பந்திக்குப் பந்தி பத்து நாடு. அந்தப் பந்தி நடக்கும் இடம் சோலார் கிச்சன். கூரைமேல் 15 மீட்டர் விட்டத்தில் ஒரு பெரிய கிண்ணம்; உள்பக்கம் முழுக்கக் கண்ணாடித் துண்டுகள். சூரியன் நகர நகர ஒளி குவியும் இடமும் நகரும். அந்தச் சூட்டில் நீராவி உண்டாகி, கீழே நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சோறு வேகும். மச்சான் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னான், "நம்ம அம்மா மொட்டமாடியில வடவம் காயவெக்கிறதுதான மாமா இது? இவங்க கண்ணாடி ஒட்டிகிறாங்க." இயற்பியல் ஆசிரியர்கள் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

அங்கே சில்லறைக் காசு செல்லாது. கணக்கு இருப்பவர்களுக்கும் முன்பே சொல்லி வைத்தவர்களுக்கும்தான் சாப்பாடு. ஆகவே இருவரும் குயிலாப்பாளையம் கடைத்தெருவுக்கு வந்தார்கள். ஒரு பக்கம் இத்தாலிய பீட்சா, எதிர்ப்பக்கம் தட்டுவடை. ஆரோவில் பண்ணையில் செய்த பாலாடைக்கட்டி ஒரு கண்ணாடி அலமாரியில், அதற்கு வெளியே மர நிழலில் கேழ்வரகுக் கூழ் விற்கும் அம்மா. கூழை மண் கிண்ணத்தில் வாங்கி, வெள்ளைக்காரர் ஒருவர் பச்சைமிளகாயைக் கடித்து அழுதுகொண்டிருந்தார். பக்கத்தில் மச்சான் குரோசானைக் கடித்துவிட்டு அழுதான். அவனுக்கு விலை தெரிந்துவிட்டது.

"இது இன்னா மாமா, நண்டு மாதிரி வளைஞ்சிகினு கீது?"

பிறைநிலா என்பதுதான் அந்தப் பிரெஞ்சுப் பெயருக்குப் பொருள். ஆனால் ஆமூர் நண்டுக்குக் கணக்கு எழுத வேண்டியிருந்ததால் அவர் ஒன்றும் திருத்தவில்லை. நோட்டில் 'அலவன் (வெண்ணெய்)' என்று குறித்துக்கொண்டார்.

புதுச்சேரியில் பேட்டைகளைப் பிரெஞ்சுக்காரர்களே பிரித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 1674 முதல் 1954 வரை, நடுநடுவே டச்சுக்காரர்களுக்கும் ஆங்கிலேயர்களுக்கும் விட்டுக்கொடுத்து, ஆண்ட ஊர். நடுவில் பெரிய வாய்க்கால். கடல்பக்கம் வெள்ளையர் நகரம், மேற்கே தமிழர் நகரம், தெற்கே முல்லா வீதி, காஜி வீதி என்று முஸ்லிம் தெருக்கள். வாய்க்காலின் வாசனைக்கு மட்டும் எந்த நகரம் என்று பாகுபாடு கிடையாது.

காலையில் நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸில் உட்கார்ந்தார்கள். யான் மார்ட்டெல் எழுதி 2002இல் புக்கர் பரிசு வாங்கிய 'லைஃப் ஆஃப் பை' நாவலின் முன்னுரையில், கதை எழுத்தாளருக்குக் கிடைப்பது இந்தக் காபிக்கடையில்தான். அவருக்குக் கிடைத்தது பில். பக்கத்து மேசையில் இரண்டு சொல்தா தாத்தாக்கள். சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். தமிழில் ஆரம்பித்து, கோபம் வந்ததும் பிரெஞ்சுக்கு மாறி, சமாதானமாகி மீண்டும் தமிழுக்கு வந்தார்கள். காபி மட்டும் முழுக்கத் தமிழில் குடித்தார்கள்.

அந்தத் தாத்தாக்களின் தலைமுறை சைகோன் வரை வேலைக்குப் போயிற்று. பிரெஞ்சு இந்தோசீனாவில் கணக்கு எழுதினார்கள், காவல் காத்தார்கள், சிலர் அங்கேயே பெண் கட்டினார்கள். ஆட்சி முடிந்து திரும்பியபோது கப்பலில் வியட்நாமிய மருமகள்களும் வந்தார்கள். கூடவே நெம் வந்தது: அரிசித்தாளில் கறியோ இறாலோ வைத்துச் சுருட்டிப் பொரிப்பது. ஒரு சிறு உணவகத்தில் அது தட்டுக்கு வந்ததும் மச்சான் வெற்றிலை மடிப்பதுபோல் இருக்கிறது என்றான். அரிசித்தாள் கிடைக்காத வீடுகளில் வேறு எதில் சுற்றுவது, மீன்சாறுக்குப் பதில் என்ன ஊற்றுவது என்பதெல்லாம் மாமியாரும் மருமகளும் அடுப்படியில் பேசித் தீர்த்த வெளியுறவுக் கொள்கை. ஐக்கிய நாடுகள் சபையில் இத்தனை வேகமாக எதுவும் தீராது.

அவருக்கு உண்மையான அதிர்ச்சி காத்திருந்தது வெள்ளையர் நகரத்தில். மஞ்சள் சுவர், காகிதப்பூ, வாசலில் கரும்பலகை. உள்ளே மெனு அட்டையில் 'வடுவான்' தடவிய மீன் என்று ஒரு வரி. பக்கத்தில் நான்கு இலக்கத்தை எட்டிப் பிடிக்கும் விலை. வடுவான் என்றால் என்ன என்று கேட்டார். பரிமாறும் பையன் பயபக்தியோடு சொன்னான்: "அது ஃப்ரெஞ்ச் ஸ்பைஸ் சார். பாரீஸ்ல பெரிய பெரிய ஷெஃபுங்க யூஸ் பண்றாங்க. வெங்காயம், பூண்டு, வெந்தயம், கடுகு, கறிவேப்பில..."

"அப்புறம் விளக்கெண்ண தடவி உருண்ட புடிச்சி வெயில்ல போடுவாங்களா?" என்றான் மச்சான்.

வடவம். இந்தப் பக்கத்து வீடுகளில் சித்திரை வெயிலில் முறத்தில் காயும் அதே தாளிப்பு வடவம். பட்டணத்துப் பேச்சில் வடகம். புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுக்காரர்கள் அதை மூட்டை கட்டிக்கொண்டு போய், எண்ணெய்ப் பிசுக்கைக் குறைத்து, ஒரு 'வான்' சேர்த்து, உலகமெங்கும் விற்கிறார்கள். அவருடைய பாட்டி அந்த உருண்டைகளைக் காக்கையிடமிருந்து காப்பாற்றக் கறுப்புக்குடையை விரித்து வைப்பாள். காக்கையை மட்டும் பார்த்தாள், கப்பலைப் பார்க்கவில்லை. மீனை வாங்கிப் பகிர்ந்து தின்றார்கள். வாசனை வீட்டு வாசனைதான். போட்டோ எடுத்து அனுப்பினார். 'பாலை' என்று எழுதினார், பர்ஸின் நிலை கருதி.

விழுப்புரம் போய்ச் சேர இரவாகிவிட்டது. இது வேறு வகை நகரம். இங்கே யாரும் வந்து தங்குவதில்லை, எல்லோரும் வந்து மாறுகிறார்கள். ரயில் சென்னைக்கும் திருச்சிக்கும் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் காட்பாடிக்குமாக ஐந்து திசையில் பிரியும். நெடுஞ்சாலையிலோ தென்மாவட்டம் மொத்தமும் இரவு பதினொன்றிலிருந்து விடியற்காலை வரை விக்கிரவாண்டிப் பக்கம் இறங்கி ஏறும்.

"வண்டி பத்து நிமிஷம் நிக்கும், சாப்பிடறவங்க சாப்பிடலாம்." இந்த ஒரு வாக்கியத்தைத் தூக்கத்தில் கேட்காத தமிழர் உண்டா? கண்ணைத் திறந்தால் டியூப்லைட், காதைப் பிளக்கும் கானா, வெந்நீரில் நனைத்த தோசை. பெயர் சொல்ல விரும்பாத ஒரு மோட்டலில் அவர் அதையும் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். நாகர்கோவில்காரர் சாம்பாரில் தேங்காய் இல்லை என்றார். கோயம்புத்தூர்க்காரர் மரியாதையாக, "ஏனுங்க, இது சட்னிங்களா?" என்றார். மதுரைக்காரர் சால்னாவைப் பார்த்துவிட்டு ஒன்றுமே சொல்லவில்லை, அதுதான் கடுமையாக இருந்தது. பரோட்டாவை வீசி அடித்துக்கொண்டிருந்த மாஸ்டர் ஒடிசாக்காரர். அத்தனை பண்பாடும் ஒரே தட்டைத் திட்டி ஒன்றுபட்ட காட்சி. நல்லியக்கோடன் பக்கத்தில் நின்று பரிமாறினான். இங்கே பக்கத்தில் நின்றவர் காசுக்காக நின்றார். டிரைவர், கண்டக்டருக்கு மட்டும் உள்ளே தனி அறை, தனிக் குழம்பு. பீமசேனன் நூல் எந்த அறையில் இருக்கிறது என்பது அப்போது புரிந்தது.

ஊருக்குள்ளே கதை வேறு. பஸ் நிலையத்துக்கு வெளியே தள்ளுவண்டியில் காலிஃப்ளவர் மஞ்சூரியன் சட்டியில் குதித்துக்கொண்டிருந்தது. மஞ்சூரியாவில் இப்படி ஒரு பதார்த்தம் இருப்பது மஞ்சூரியர்களுக்கே தெரியாது. கல்கத்தாவில் பிறந்த சீனரான நெல்சன் வாங் 1975இல் பம்பாயில் கோழியை வைத்துச் செய்தது அது. கோழி பூக்கோசாக மாறி, சோயா சாஸில் கறிவேப்பிலை விழுந்து, விழுப்புரத்தில் மந்தாரை இலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. மேலே தூவிய மிளகாய்ப் பொடி அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் வழியாக வந்தது. வண்டியில் ஒட்டியிருந்த படம் அய்யனார். டொரோண்டோவில் என்றால் இதற்கு நான்கு பேட்டை நடக்க வேண்டும். இங்கே பத்தடி. வண்டிக்காரரிடம் இதையெல்லாம் ஆர்வமாக விளக்கினார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எக்ஸ்ட்ரா வெங்காயம் போடவா சார்?" என்றார்.

மறுநாள் செஞ்சி. நாயக்கர், பீஜப்பூர், 1677இல் சிவாஜி, பிறகு மொகலாயர், ஆற்காட்டு நவாப், 1750இல் பிரெஞ்சு, 1761இல் ஆங்கிலேயர் என்று கை மாறிய கோட்டை. 2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகளில் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இத்தனை பேர் ஆண்ட இடத்தில் என்னவெல்லாம் சமைத்திருப்பார்கள் என்று எண்ணி அவர் நாக்கில் நீர் ஊற நெற்களஞ்சியத்தை அண்ணாந்து பார்த்தார். உள்ளே வௌவால்.

செஞ்சிக்குப் பக்கத்துத் திருநாதர்குன்றில்தான் அடி விழுந்தது. பாறையில் 24 தீர்த்தங்கரர்களின் சிற்பம். அருகே வட்டெழுத்து உருவாகிவந்த காலத்துக் கல்வெட்டு ஒன்று. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட இடம் என்கிறது. வட்டாரத்து உணவைத் தேடி வந்தவருக்குக் கல்லில் கிடைத்த சாட்சியம், உணவை விட்டவரைப் பற்றியது. மச்சான் கையிலிருந்த முறுக்கு பாக்கெட்டைச் சத்தமில்லாமல் மடித்துப் பையில் வைத்தான்.

அந்தச் சமணம் போய்விடவில்லை. திண்டிவனம் போகும் வழியில் ஒதுங்கினால் மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கும் ஊர். சுற்றுவட்டார நயினார் குடும்பங்களில் இருட்டினால் சாப்பாடு இல்லை. சூரியன் இருக்கும்போதே அடுப்படி வேலை முடிந்துவிடும். இதையேதான் அவருடைய டாக்டரும் ஆங்கிலப் பெயர் வைத்து, பீஸ் வாங்கிக்கொண்டு சொல்லியிருந்தார். மாலை ஐந்தரைக்கு அந்த ஊர்த் திண்ணையில் ஒருவர் கொடுத்த மோர்தான் மொத்தப் பயணத்திலும் 'கூடாது' பட்டியலில் இல்லாத ஒரே உணவு. அதை மட்டும் போட்டோ எடுக்க மறந்துவிட்டார்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. டொரோண்டோ மருமகன் குரல் பதிவை நிஜமாகவே கேட்டிருக்கிறான். கேட்டு உருகி, மாமா அனுப்பிய படங்களை எல்லாம் ஒரு வரைபடத்தில் ஒட்டி, ஊருக்கு ஊர் அம்புக்குறி போட்டு, 'சங்ககால ஃபுட் டூர், வழங்குபவர் எங்கள் மாமா' என்று தலைப்பிட்டுக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். கருவாடு, குரோசான், நெம், வடுவான், பரோட்டா, மஞ்சூரியன். திணை வாரியாக. நாற்பத்திரண்டு பேர் இதயம் போட்டிருந்தார்கள். வீட்டம்மா போடவில்லை.

"கள ஆய்வு முடிஞ்சிதாங்க?" என்றாள். மச்சான் கொல்லைப்புறமாகப் போய்விட்டிருந்தான்.

மறுநாள் காலை ரத்தப் பரிசோதனை. கடந்த மூன்று மாதச் சர்க்கரையைச் சராசரி போட்டுக் காட்டும் சோதனை அது. இரண்டு நாள் தப்பை மூன்று மாதத்தில் கரைத்துவிடலாம் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். மூன்று மாதமும் அப்படித்தான் இருந்திருக்கிறது என்று காகிதம் சொன்னது.

நத்தத்தனாரின் பாட்டில் விருந்துகளுக்கு முன்னால் ஒரு காட்சி உண்டு. பாணனின் பழைய வீடு. கூரை இற்றுப்போன அடுப்படியில் குட்டி போட்ட நாய் படுத்திருக்கும். பசித்த மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளிவந்து, உப்பில்லாமல் அவிப்பாள். அக்கம்பக்கத்தார் பார்த்தால் வெட்கம் என்று கதவைச் சாத்திவிட்டுச் சுற்றத்தோடு உண்பாள். முப்பது வருடம் இந்த இடத்தை வகுப்பில் நடத்தும்போது அவர் குரல் தழுதழுக்கும். பையன்கள் வெளியே மணி அடிக்கிறதா என்று பார்ப்பார்கள்.

அன்று மத்தியானம் தட்டில் கீரை வந்தது. வாயில் வைத்தார். உப்பில்லை. நிமிர்ந்து பார்த்தார்.

"டாக்டர்தான் சொன்னாரு" என்றபடி வீட்டம்மா எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்தினாள். "எதிர்வீட்டு அக்கா எட்டிப் பாத்தா இன்னா நெனைக்கும்? ரிடையர் ஆயிட்டாரு, உப்புக்குக்கூட வழியில்லன்னு நெனைக்கும்."